இஸ்திரி வண்டி போன தூரம்

அத்தாவின் மூச்சு கரண்டில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. என் அப்பா, பெரிய மார்க்கெட் பக்கத்தில் நாற்பது வருடம் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தவர். தகரத்தை வளைத்துப் பெட்டி அடிக்க ஆள் வைத்துக்கொள்வார், பெயிண்ட் அடிக்க மட்டும் யாரையும் விடமாட்டார். மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் ஸ்பிரே பிடிப்பார். பச்சைப் பெட்டி அடித்த அன்று எச்சில் பச்சையாக இருக்கும், நீலப் பெட்டி அடித்த அன்று நீலமாக இருக்கும். அவ்வளவும் நுரையீரலில் படிந்துவிட்டது என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். எழுபத்தாறு வயதில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே உதடு கறுத்துவிடும். அதனால் வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தோம். இரவும் பகலும் அது புஸ் புஸ் என்று ஓடும். அந்தச் சத்தம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். கடையை மூடியதும் டவுனை விட்டு ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளத் தெருவுக்கு வந்தோம். தரைத்தள வீடுதான் வேண்டும், படி ஏற முடியாது என்று அத்தா சொன்னதால் இந்த வீட்டைப் பிடித்தது நான். இந்தக் கதையில் என் தப்புகள் எத்தனை என்று எண்ணினால் அதுதான் முதலில் வரும்.

புயல் மழை தொடங்கி இரண்டாம் நாள் சாயங்காலம் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டைப் போட்டுவிட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள். எதிர் வீட்டு அம்மா என்னையும் கூப்பிட்டார். "காலையில பாத்துக்கலாம்க்கா. மெஷினத் தூக்கிட்டு இந்த மழையில எங்க போறது? கரண்டு இருக்குதே" என்றேன். கரண்டு இருந்தது. அந்த ஒரு காரணத்தை நம்பி இருந்துவிட்டேன்.

விடிகிற நேரத்தில் மெஷின் நின்றது. சத்தம் நின்றதும் எழுந்துவிட்டேன். காலைக் கீழே வைத்தால் முழங்கால் வரைக்கும் தண்ணீர். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையில் வைத்திருந்தோம், அது முழுகிப்போயிருந்தது. அத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தோம். அதைத் திறந்து குழாயை மாட்டிவிட்டேன். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்புறம்தான் சிலிண்டர் மீட்டரைப் பார்த்தேன். ஊசி பாதிக்குக் கீழே நின்றது. போன மாதம் கரண்டு போனபோதெல்லாம் அதைத்தான் போட்டேன். ரொப்பிக்கொண்டு வரவேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைத்துக்கொள்வேன்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஐந்தாறு தடவைக்குப் பிறகு கிடைத்தது. பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார்.

"தெருவுல எவ்ளோ தண்ணி இருக்குதும்மா?"

"இடுப்பு வரைக்கும் இருக்கும் போல."

"அப்ப வண்டி உள்ள வராதும்மா. படகு வரும், ஆனா எந்நேரம் வரும்னு என்னால சொல்ல முடியாது. அவர விழுப்புரம் ரோட்டுக்குக் கொண்டாந்துடுங்க. அங்க நிக்கச் சொல்றேன்."

"அவரால நாலு அடி நடக்க முடியாதும்மா. படுக்கவும் முடியாது, ஒக்காந்துதான் மூச்சு வுடுவாரு."

"தூக்கிக்கினு வர ஆளு இல்லியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி எண்பத்தெட்டு காட்டியது. சிலிண்டரைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். எண்பத்தைந்து ஆனது. திரும்பக் கூட்டினேன். குறைத்தால் அவர் திணறுகிறார், கூட்டினால் ஊசி இறங்குகிறது. இப்படியே அரை மணி நேரம் சிலிண்டர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன். அத்தா என் கையைத் தட்டி நிறுத்தினார்.

"வுடும்மா" என்றார். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "நான் இங்கயே இருந்துடுறேன். நீ போ."

நான் வெளியே வந்தேன். கேட்டைத் திறந்ததும் தண்ணீர் இடுப்பில் இடித்தது. கறுப்புத் தண்ணீர். சாக்கடையும் மழையும் கலந்து எங்கே ரோடு, எங்கே வாய்க்கால் என்று தெரியாமல் ஒரே மட்டமாக நின்றது. மழை விடவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக் கத்தினேன். யாராவது இருக்கீங்களா என்று எத்தனை தடவை கத்தினேனோ தெரியாது. கடைசியில் தெருக்கோடியிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது.

"டீச்சரா அது?"

இஸ்திரிக்காரர். கோடியில் பாதி கட்டி நிறுத்திய ஒரு வீட்டில் வாட்ச்மேன் மாதிரி அவரும் அவர் சம்சாரமும் தங்கியிருந்தார்கள். பகலில் தெரு முனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பார்கள். இரண்டு பேரும் அந்த வீட்டின் மொட்டைப் படிக்கட்டில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க நேத்தே கெளம்பிட்டீங்கன்னு நெனச்சோமே" என்றார்.

"அத்தாவுக்கு ஆக்சிஜன் தீரப்போவுது அண்ணே. மெயின் ரோட்டுக்குக் கொண்டு போவணும். என்னால முடியல."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே அந்த அம்மாவும் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும் இஸ்திரிக்காரருக்கு, ஒல்லியான ஆள். சுகர் உண்டு என்று எனக்குத் தெரியும். என் பள்ளிப் புடவைகளைக் கொடுக்கப் போகும்போதெல்லாம் சர்க்கரை இல்லாத டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அது என் ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் போகாதீர்கள் என்று சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டிருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

முதலில் அத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் பார்த்தோம். இஸ்திரிக்காரர் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பெண்கள் ஒரு பக்கம். வாசல்படியை விட்டு இறங்கியதும் கை வலுவிழந்தது. நாற்காலி தாழ்ந்து தண்ணீர் அத்தாவின் மார்பைத் தொட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அவருக்கு மூச்சு அடைத்தது. கண்கள் பெரிதாகி என்னைப் பார்த்தார். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து மறுபடியும் கட்டிலில் வைத்தோம். எண்பத்தொன்று.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகைகூட வரவில்லை. இந்த அறையில், இந்தக் கட்டிலில், என் கண் முன்னால்தான் நடக்கப்போகிறது என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

இஸ்திரிக்காரர் சம்சாரம்தான் சொன்னார். "வண்டியில ஒக்கார வெச்சுத் தள்ளுனா என்னா?"

"அது ஓடி எவ்ளோ வருசம் ஆவுது" என்றார் அவர். கொஞ்சம் யோசித்தார். "டயரே இல்ல அதுக்கு."

"ரிம்மு இருக்குது இல்ல. உருளும், வா."

அந்த வண்டியை நான் அதுவரை வண்டியாக நினைத்ததே கிடையாது. நான்கு சைக்கிள் சக்கரத்தின் மேல் ஒரு மரமேசை. கீழே கரி மூட்டையும் துணி மூட்டையும் வைக்க ஒரு தட்டு. மேலே நாலு கம்பி நட்டுத் தகரக் கூரை. வேப்பமரத்தடியில் அச்சுக்குக் கீழே செங்கல் அண்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். டயர்கள் வெடித்து உதிர்ந்து போயிருந்தன. அவர்கள் இரண்டு பேரும் போய்ச் செங்கல்லைத் தண்ணீருக்கடியில் கையால் துழாவி எடுத்தார்கள். மேசை மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஊராரின் துணி மூட்டைகளை மரத்துக் கிளையில் தூக்கிக் கட்டினார்கள். பிறகு வண்டியை எங்கள் கேட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துருப்பிடித்த சக்கரம் தண்ணீருக்குள்ளேயே கிறீச்சிட்டது கேட்டது.

வண்டியில் ஒரு பிரச்சினை இருந்தது. மரம் அல்லவா, இடுப்பளவு தண்ணீரில் முன்பக்கம் மிதந்து தூக்கியது. பிடித்து அழுத்தினால் பின்பக்கம் தூக்கியது. இதில் ஒரு ஆளை ஏற்றினால் கவிழ்ந்துவிடும் என்று நான் சொன்னேன். அந்த அம்மா திரும்பிப் போய் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளையும் கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் ஏழு கிலோ இருக்கும். அவற்றைக் கீழ்த்தட்டில் வைத்தார். மாவு அரைக்கிற கல்லை எங்கள் சமையலறையிலிருந்து நாங்கள் தூக்கி வந்து நடுவில் வைத்தோம். அதற்குப் பிறகுதான் சக்கரம் தரையைப் பிடித்தது.

அத்தாவைத் தூக்க வந்தபோது அவர் கையைக் காட்டினார். ஆணியில் தொங்கிய சட்டையும் தொப்பியும். பனியனோடு தெருவில் போகமாட்டாராம். சட்டையைப் போட்டு ஒவ்வொரு பட்டனாக மாட்டினேன். ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

"பாய், என் கழுத்தக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க" என்று சொல்லி இஸ்திரிக்காரர் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கினார். துணி தேய்த்துத் தேய்த்து அங்கங்கே கருகியிருந்த அந்த மேசையில் உட்கார வைத்தோம். முதுகுக்குத் தலையணை. மூட்டைகளை மரத்தில் கட்டியபோதே உருவி வைத்திருந்த யாருடையதோ ஒரு நூல் புடவையால் அவரை மார்போடு சேர்த்துக் கூரைக் கம்பியில் அந்த அம்மா கட்டினார். சிலிண்டரை என் துப்பட்டாவால் அவர் தொடையோடு கட்டினேன்.

கிளம்பினோம். அந்த அம்மா முன்னால் மூங்கில் கழியால் தண்ணீருக்குள் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். தரை தட்டினால் "வரலாம்" என்பார். இடப்பக்கம் முழுக்கத் திறந்த வாய்க்கால். இஸ்திரிக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். நான் பக்கவாட்டில் ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் அத்தாவின் முழங்காலையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெறும் ரிம் ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லையும் அவர் உடம்புக்குச் சொன்னது. தலை அப்படியும் இப்படியும் ஆடியது.

விழுப்புரம் மெயின் ரோடு எங்கள் வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் இருக்கும். தினமும் பத்து நிமிடத்தில் நடந்து பஸ் பிடிப்பேன். அன்றைக்கு முதல் திருப்பம் வருவதற்கே அரை மணி ஆயிற்று. அந்த வண்டிக்குத் திரும்பத் தெரியாது. சக்கரம் நாலும் நேராக நிற்கும். திருப்ப வேண்டுமானால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்த வேண்டும். இஸ்திரிக்காரர் மேசைக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினார். நாங்கள் இரண்டு பேரும் முன்பக்கம் பிடித்து இழுத்தோம். ஒரு சாண், இன்னொரு சாண் என்று திருப்பினோம். அத்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. சாகும் நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "அதெல்லாம் இப்ப வேணாம் அத்தா, மூச்ச வுடுங்க, மூச்ச மட்டும் வுடுங்க" என்று கோபமாகச் சொன்னேன். அவரிடம் நான் கோபமாகப் பேசிய கடைசி வார்த்தை அது.

இரண்டாவது தெருவில் நடுவழியில் சிலிண்டர் தீர்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. ஊசி பூஜ்யத்தில் கிடந்தது, அவ்வளவுதான். நான் அதை அவர்களிடம் சொல்லவில்லை. அத்தாவிடமும் சொல்லவில்லை. குழாயை மூக்கிலேயே விட்டுவைத்தேன். அவர் அதை நம்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மூச்சு வாங்குவதற்காகக் கேட்டார்.

"அந்தத் திருப்பம் ஒண்ணுதான் அண்ணே."

அந்தத் திருப்பத்தில்தான் சக்கரம் விழுந்தது. அங்கே மட்டும் வாய்க்காலை மூடியிருந்த சிமெண்டுப் பலகை உடைந்திருக்கிறது. அந்த அம்மா கழியால் குத்திய இடத்தில் தரை இருந்தது, ஒரு அடி தள்ளி இல்லை. இடப்பக்க முன்சக்கரம் சட்டென்று இறங்கியது. வண்டி சாய்ந்தது. அத்தா புடவைக் கட்டில் தொங்கினார். நான் அவரை அணைத்துப் பிடித்தேன், என் கால் வழுக்கியது. அதற்குள் இஸ்திரிக்காரர் சுற்றி ஓடிவந்து குழிக்குள்ளேயே இறங்கிவிட்டார். முதுகை மேசைக்கு அடியில் கொடுத்து, ஒரு காலை உடைந்த பலகையின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் கழுத்து வரைக்கும் இருந்தது. வண்டி அதற்கு மேல் சாயவில்லை.

"கழிய சக்கரத்துக்குக் கீழ வுடு" என்று சம்சாரத்திடம் சொன்னார். நிதானமாகத்தான் சொன்னார். "டீச்சர், பாய வுட்டுடாதீங்க."

அந்த அம்மா கழியைக் கொடுத்து நெம்பினார். முதல் தடவை கழி வளைந்தது. இரண்டாவது தடவை இஸ்திரிக்காரர் எதையோ சொல்லிக்கொண்டு முதுகால் எக்கினார். ரிம் பலகையின் விளிம்பைக் கீறிக்கொண்டு மேலே ஏறியது. ஏறும்போது அவர் முகம் ஒரு கணம் கோணியதை நான் பார்த்தேன். பாரம் அழுத்துகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நான் அத்தாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மையைப் போல ஆகியிருந்தது.

அதற்கப்புறம் ரோடு மேடேறியது. தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து முழங்காலுக்கும் இறங்கியது. வண்டி கனத்தது, மிதக்கவைக்கத் தண்ணீர் இல்லை. மூன்று பேரும் குனிந்து தள்ளினோம். விழுப்புரம் ரோட்டில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுற்றுவது தெரிந்ததும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். மாஸ்க்கை மாட்டினார்கள். ஒருவர் அத்தாவின் கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டார். அத்தா கண்ணைத் திறந்தார்.

ஏற்றும்போதுதான் கவனித்தேன். தார் ரோட்டில் வண்டிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு வந்திருந்தது. மழை அதைக் கழுவக் கழுவ மறுபடியும் வந்தது. இஸ்திரிக்காரர் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நின்றார். குதிகாலில் சதை பிளந்து தொங்கியது. உடைந்த பலகையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பி கிழித்திருக்கிறது.

"அண்ணே, நீங்களும் ஏறுங்க. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுடலாம்."

"இருக்கட்டும் டீச்சர். மஞ்சத்தூள் வெச்சாக் கேட்டுடும். நீங்க பாயப் பாருங்க, போங்க."

ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்தினார். நான் ஏறிவிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். கதவு சாத்தும்போது அந்த அம்மா தன் முந்தானையைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அத்தாவை ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் தேறினார். மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னிடம், "அந்தத் தம்பி எப்டி இருக்கான்?" என்று கேட்டார். "நல்லா இருக்காரு" என்றேன். விசாரிக்காமல்தான் சொன்னேன். போன் பண்ணலாம் என்று பார்த்தால் அவர் நம்பர் என்னிடம் இல்லை. இத்தனை வருடம் துணி கொடுத்திருக்கிறேன், நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் அத்தாவுக்கு நிமோனியா என்றார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் போய்விட்டார். டவுனில் எங்கள் பள்ளிவாசல் கபர்ஸ்தானில் அம்மா பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பிச் சேற்றைக் கழுவ ஆரம்பித்தபோது எதிர் வீட்டு அம்மா வந்தார். துக்கம் விசாரித்துவிட்டுச் சொன்னார். "இஸ்திரிக்காரருக்குக் கால எடுத்துட்டாங்களாம், தெரியுமா? சுகர் ஒடம்பாம். சாக்கடைத் தண்ணி புண்ணுல ஏறி, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். அரியாங்குப்பத்துல அந்தம்மாவோட தம்பி வூட்டுல இருக்காங்க."

நான் கையிலிருந்த துடைப்பத்தோடு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

போக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தினமும் கிளம்புவேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் போவேன், திரும்பிவிடுவேன். என்ன சொல்லிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பது? கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பத்தில் இறங்கி, விசாரித்துப் போனேன். ஓட்டு வீட்டின் முன் அறையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முட்டிக்குக் கீழே வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்.

"பாய் எப்டி இருக்காரு டீச்சர்?"

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. இந்தக் கேள்வியை எத்தனையோ நாளாகக் கேட்க வைத்திருந்த மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் சுவரோரம் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்காரு அண்ணே" என்றேன்.

"வூட்டுக்கு வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"அதான பாத்தேன்." கட்டிலைத் தட்டினார். "அந்தக் குழியில வண்டி சாஞ்சுதே, அப்பவே நெனச்சேன். இவர மட்டும் கொண்டு போய்ச் சேத்துட்டா போதும்னு. கால் போச்சு, போவட்டும். ஒரு மனுசன் இருக்காரு இல்ல."

டீ வந்தது. குடித்தேன். கிளம்பும்போது அந்த அம்மா தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். அங்கே நின்று என் கையைப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். ஒங்க எதுத்த வூட்டம்மா அன்னிக்கே போன்ல சொல்லிட்டாங்க. நாந்தான் அவருகிட்ட சொல்லல."

"மன்னிச்சுக்கோங்கக்கா. எனக்கு எப்டிச் சொல்றதுன்னு..."

"சொல்லிடாதீங்க." பிடி இறுகியது. "கால எடுத்த அன்னிக்கு செவுத்துல தலைய முட்டிக்கிட்டாரு. ரெண்டு நாளு சோறு திங்கல. பாய் பொழச்சிட்டாராம்னு நாந்தான் சொன்னேன். அப்பறம்தான் ஒரு வாய் தின்னாரு. அத புடிச்சுக்கினுதான் ஒக்காந்திருக்காரு. நீங்க மாசத்துக்கு ஒருக்கா வந்து, நல்லா இருக்காருன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அதிலிருந்து மாதம் ஒரு தடவை போகிறேன். அந்த அம்மா அங்கே வீட்டு வாசலில் மேசை போட்டுத் துணி தேய்க்கிறார். பழைய வண்டியை மழைக்குப் பிறகு மெயின் ரோட்டோரம் யாரோ பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒரு சக்கரம் மட்டும் கிடந்தது என்று சொன்னார்கள். நான் போய் உட்கார்ந்ததும் இஸ்திரிக்காரர் கேட்பார். பாய் என்ன சாப்பிட்டாரு, தூங்குறாரா, இருமல் எப்டி இருக்குது. நான் சொல்வேன். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார். மத்தியானம் மீன் குழம்பு கேட்டார். மெஷின் புதுசாக மாற்றியிருக்கிறோம், இப்போது சத்தம் கம்மி. சொல்லச் சொல்ல எனக்கே அத்தா வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றிவிடும். பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும். அப்போதுதான் அவர் மறுபடியும் ஒரு தடவை சாவார். மாதம் ஒரு தடவை எனக்கு அத்தா சாகிறார்.

தொழ உட்கார்ந்தால் இதைத்தான் கேட்கிறேன். செத்தவரை உயிரோடு இருப்பதாகச் சொல்வது பாவமா, ஒருவருடைய காலை வாங்கிக்கொண்டு அதற்கு ஒன்பது நாள்தான் கிடைத்தது என்று சொல்வது பாவமா?

போன மாதம் போனபோது அவர் சந்தோஷமாக இருந்தார். செயற்கைக் காலுக்கு அளவு எடுத்திருக்கிறார்களாம், இன்னும் ஒரு மாதத்தில் கொடுத்துவிடுவார்களாம்.

"போட்டுக்கினு மொதல்ல ஒங்க வூட்டுக்குத்தான் வரப்போறேன் டீச்சர். பாய்கிட்ட சொல்லி வைங்க. நடந்தே வரேன், மெயின் ரோட்டுல எறங்கி."

நான் சரி என்று தலையாட்டினேன். அந்த அம்மா தேய்த்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். எங்கேயாவது ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லலாமா என்று நான் கேட்டேன். மெஷினோடு கட்டிலில் கிடக்கிறவர் எந்த ஊருக்குப் போவார் என்று அவர் கேட்டார். பஸ் வந்தது. "அடுத்த மாசம் வருவீங்க இல்ல?" என்றார். வருவேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.